குறுக்கெழுத்தின் கதையும் பம்பாய் வழக்கும்

தாயகத்திலிருந்து புதிதாக வந்து இறங்கும் உறவினர்க்கு நமது பேட்டையின் பெயர் முதலில் ஒரு மகிழ்ச்சியைத் தருகிறது. கோவில்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்னும் வரிசையில் சுனாபட்டியையும் வைத்து, முன்னாளில் யாரோ நம்மவர் வந்து நாட்டிய ஊர் என்றே அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இப்பெயருக்கும் நம் ஊர்ப் பட்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை, மராத்தியில் இது சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள்படும் என நாம் எடுத்துரைத்ததும், அவர்கள் முகத்தில் ஏமாற்றமும் அதனை அடுத்து ஒரு சிரிப்பும் தோன்றுகின்றன. சொல் காட்டிய வழி ஒன்று. அது சுட்டிய பொருள் வேறொன்று. இந்த ஏமாற்றத்தையும் சிரிப்பையும் வேண்டுமென்றே விளைவிப்பதற்காக மனிதர் அமைத்துக்கொண்ட விளையாட்டு ஒன்றுண்டு. அதுவே குறுக்கெழுத்துப் புதிர்.

இவ்வாண்டு விழா மலரில் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்று இடம்பெற வேண்டும் என்றும், படிவத்திற்கு இருபது ரூபாய் வீதம் கட்டணம் வைத்தால் அச்சுச் செலவில் ஒரு பகுதி அதிலேயே தேறிவிடும் என்றும் சங்கத்து நண்பர் சிலர் கூறி வருகின்றனர். அவர்களது நோக்கம் நல்லதே. ஆயினும், இதே பம்பாய் மாநகரத்தைக் களமாகக் கொண்டு குறுக்கெழுத்தின் பெயரால் ஒரு பெரும் வாணிகம் நடந்தது என்பதும், அதன்பொருட்டு எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்பதும் நம் காலனி இளைஞர் பலர் அறியாத செய்திகள். அவற்றை அறிந்தபின் முடிவு செய்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் புதிரின் இயல்பைச் சொல்லிவிடுவோம். குறுக்கெழுத்தில் இரு வகை உண்டு. ‘யானைக்கு மறுபெயர்’ என்று கேட்டு ‘களிறு’ என்று எழுதச் செய்வது ஒரு வகை. அது பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஏற்றது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. மற்றொன்று ஆங்கிலத்தில் ‘கிரிப்டிக்’ என்று வழங்குவது. நாம் அதனை மறைகுறிப்பு என்று சொல்லுவோம். மறைகுறிப்பில் இரண்டு உறுப்புகள் இருத்தல் வேண்டும். ஓர் உறுப்பு விடையின் பொருளைச் சொல்லும். மற்றது, விடையாகிய சொல் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும். இவ்விரண்டும் ஒரே வாக்கியமாக இழைந்து நின்று, படிப்பவரை வேறு திசைக்கு அழைத்துச் செல்லும். முடிவில் அடைப்புக்குள் நிற்கும் எண், விடையின் எழுத்துகள் எத்தனை என்பதைக் குறிக்கும்.

துறைமுகப் பாதை வண்டியில் பணிக்குச் சென்று திரும்பும் நம்மவர் ஐந்தாறு பேர் பல்லாண்டுகளாக ஆங்கில நாளிதழின் கட்டங்களைக் கூடி நிரப்பி வருகிறோம். உட்கார இடம் கிடைத்த நாளில் ஒருவர் பத்திரிகையைப் பிடிப்பார். கிடைக்காத நாளில் குறிப்பை உரக்கப் படிக்க, நின்றபடியே மனத்தில் எழுதிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே விளையாட்டைத் தமிழில் ஆடிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அங்கு நாமே அமைத்தவற்றுள் சிலவற்றை இங்குக் காட்டுகிறோம்.

‘மாமரத்தை அடுத்துக் கன்னட நாட்டு ஆறு, நம்மவர் நெடுநாளாகக் குடியிருக்கும் இடம் (4).’ மாமரம் என்பது ‘மா’. கன்னட நாட்டில் பத்திராவோடு கூடித் துங்கபத்திரையாகும் ஆறு ‘துங்கா’. இரண்டையும் சேர்க்க மாதுங்கா ஆகும்.

‘“வந்தாரா விருந்தினர்?” இக்கேள்விக்குள் ஒரு பேட்டையே அடங்கும் (3).’ இதனைக் கேட்டு முதியோர் அனைவரும் விருந்தினர் யார் என்று ஆராய்ந்துகொண்டிருக்கையில், ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ‘தாராவி’ என்று கூறிவிட்டாள். ‘எப்படியம்மா?’ என்று கேட்டோம். ‘வந்தாரா என்பதில் வந் நீக்குங்கள் மாமா, அடுத்த சொல்லில் முதலெழுத்தை மட்டும் வையுங்கள்’ என்றாள். வேறு சான்று வேண்டுமோ?

‘தேங்காய்க்குரிய கருவியைத் திருப்பினால் அரசு தரும் சிறப்பு (3).’ கருவி துருவி. அதனைப் பின்னிருந்து படித்தால் விருது. ‘நிலவு தோன்றியதும் மீண்டும் அலுவலகம் செல்லும் நாள் (4)’ என்பதற்கு விடை திங்கள் என்பதை எழுத்தர் எவரும் பெருமூச்சுடன் கண்டுகொள்வர். ‘மாலை சற்றே குன்றினால் குன்று (2)’ என்பது நம் குழுவில் ஓர் ஆசிரியர் அமைத்தது. மாலை என்ற சொல்லின் நெடிலில் ஒரு மாத்திரை குன்றினால் மலை, அதுவே குன்று. நான்கு சொற்களில் முடிந்த இக்குறிப்பை நாம் இன்னும் வெல்லவில்லை.

நமது குழுவில் ஒரு விதி உண்டு. விடை சொன்னவர் விளக்கமும் சொல்லியாக வேண்டும். எழுத்துகள் பொருந்தின, எண்ணிக்கை சரியாக உள்ளது என்பதால் மட்டும் விடை கட்டத்தில் ஏறாது. குறிப்பின் எந்தச் சொல் பொருளைத் தந்தது, எந்தச் சொல் கட்டுமானத்தைத் தந்தது, எச்சொல்லும் வீணாக நிற்கவில்லையா என்று பிரித்துக் காட்டிய பின்பே பேனா தாளைத் தொடும். சில நாட்களில் விடை கிடைத்தது வடாலாவில். விளக்கம் கிடைத்தது சத்திரபதி சிவாஜி முனையத்தில். இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதா? கட்டம் புதிது, கருத்து மிகப் பழையது. ‘பிசி’ என்னும் புதிர் வகையைத் தொல்காப்பியம் செய்யுளியலிலேயே காண்கிறோம். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவிகளை மறைகுறிப்பு ஆடுவோர் ஒருமுறை படித்துப் பார்ப்பாராயின், தம் வீட்டுப் பழம்பெட்டியில் தாம் கடையில் விலைகொடுத்து வாங்கிய பொருளே இருக்கக் கண்டவர் போல் வியப்பர். அவற்றுள் வினாவுத்தரம் என்பது ஒன்று. பல வினாக்களுக்குத் தனித்தனியே விடை கண்டு, அவ்விடைகளைக் கோத்தால் இறுதி வினாவுக்கு விடை வருதல் அதன் இலக்கணம். திருமகளுக்குப் பெயர் திரு. புறப்படுகிறவனுக்கு இடும் ஏவல் ஏகு. எய்யும் கணை அம்பு. அழகுக்கு ஒரு பெயர் அம். இவற்றைச் சேர்த்தால் பிறைசூடியவன் உறையும் காஞ்சித் தலமாகிய திருவேகம்பம் கிடைக்கிறது. மேலே நாம் மாவையும் துங்காவையும் ஒட்டியதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு என்ன?

எழுத்து வருத்தனம் என்பது ஒரு சொல்லின்மீது ஒவ்வோர் எழுத்தாக ஏற்றிப் புதுப் பொருள் காண்பது. கம் என்பது தலை; அதன் முன் ஓரெழுத்து ஏற நகம், அதாவது மலை; மேலும் ஓரெழுத்து ஏறக் கநகம், பொன்; பின்னும் ஒன்று ஏறக் கோகநகம், தாமரை. இதே ஏணியில் கீழே இறங்கி வருவதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர். ஒரு செய்யுளின் எழுத்துகள் மற்றொரு செய்யுளுக்குள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். நம் தாராவி ஒளிந்த முறை அதன் சிறு பிள்ளை எனலாம். திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கத்தக்க மாலைமாற்றுப் பதிகம் பாடியுள்ளார். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் நிறுத்திய காளமேகத்தின் சிலேடை, இருபொருட் குறிப்பின் உச்சம். பண்டிதர் சிலர் இவற்றை மிறைக்கவி என்று ஒதுக்கியதும் உண்டு. கவிதைச் சுவை கருதி அவர்கள் ஒதுக்கியிருக்கலாம். புதிர்ச் சுவை வேறு. அதனை அதற்குரிய அளவுகோலால்தான் அளத்தல் வேண்டும்.

கட்டத்தின் பிறப்போ மிக அண்மையது. இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்னும் பத்திரிகையாளர், ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் ஞாயிறு மலருக்காக 1913 டிசம்பர் 21 அன்று வைர வடிவில் ஒரு சொற்கட்டத்தை வெளியிட்டார். இதனைத் தோற்றுவித்தவரும் பிழைப்பின்பொருட்டுக் கடல் கடந்த ஒருவரே என்பதை நம்மைப் போன்ற குடிபெயர்ந்தோர் குறித்துக்கொள்ளலாம். 1924-இல் நியூயார்க்கில் முதற் குறுக்கெழுத்துப் புத்தகம் வெளிவந்ததும் அமெரிக்கா முழுவதும் அப்பித்து பரவியது. அதே ஆண்டின் இறுதியில் இலண்டன் ‘டைம்ஸ்’ அமெரிக்கா அடிமைப்பட்டுவிட்டது என்று ஏளனம் செய்து எழுதிற்று. அந்த டைம்ஸே 1930 பிப்ரவரி 1 முதல் தன் பக்கத்தில் குறுக்கெழுத்துக்கு இடம் தந்தது! முதற் புதிரை அமைத்த ஏட்ரியன் பெல், அதற்குமுன் ஒரு குறுக்கெழுத்தைக்கூட விடுவித்தறியாதவர். அவர் பின்னர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் புதிர் அமைத்தார்.

வெறும் மறுபெயர் கேட்கும் அமெரிக்க முறையை மாற்றி, முழுதும் மறைகுறிப்பாகவே அமைக்கும் வழக்கத்தை வளர்த்தவர் ‘டார்க்கிமாடா’ என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்டு போயிஸ் மாதர்ஸ். 1926 முதல் 1939-இல் தாம் இறக்கும்வரை ‘அப்சர்வர்’ வார இதழில் அவர் எழுதினார். அப்பெயர் ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவன் ஒருவனுடையது. விடுவிப்போரை வதைப்பதே தம் தொழில் என்று அவரே ஒப்புக்கொண்டது போலும்! அவர்க்குப்பின் வந்த ‘சிமேனிஸ்’ என்பவர் 1966-இல் ஒரு நூல் எழுதி, குறிப்பு அமைப்போர்க்குரிய நேர்மையை வகுத்தார். அமைப்பவன் படிப்பவரைத் திசைதிருப்பலாம். ஆயின் அவன் எழுதிய சொற்கள் விடைக்கு முறைப்படி இட்டுச்செல்லவும் வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் ‘டெய்லி டெலிகிராப்’ தன் அலுவலகத்தில் நடத்திய பன்னிரண்டு நிமிடப் போட்டியில் பங்குகொண்டோர் சிலருக்குப் பின்னர் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பகைவரின் மறைமொழிகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் அவர்கள் பணியமர்ந்தனர்.

நிற்க, நமது நாட்டிற்கு வருவோம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் குறுக்கெழுத்து என்ற சொல்லை அறிமுகம் செய்தவை பத்திரிகைகள் நடத்திய பரிசுப் போட்டிகளே. எஸ். எஸ். வாசன் 1928-இல் வாங்கி நடத்திய ‘ஆனந்த விகடன்’ 1930-களில் அத்தகைய போட்டிகளை வெளியிட்டது. நாடெங்கும் வார இதழ்கள் இவ்வழியைப் பின்பற்றின. பரிசுத் தொகை ஏற ஏறப் பத்திரிகையின் விற்பனையும் ஏறியது. ஆனால் இப்போட்டிகளின் குறிப்பு, மேலே கண்ட மறைகுறிப்பு அன்று. அதன் தன்மையைத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ‘இதில் இறங்கியவன் கரையேறுதல் அரிது (3)’ என்று குறிப்பு. கட்டத்தில் ‘கட’ என்ற இரண்டெழுத்து முன்னரே அச்சாகியிருக்கும். விடை கடலா, கடனா? இரண்டும் பொருந்தும். சம்பளத் தேதிக்கு முந்திய வாரத்தில் நம்மைக் கேட்டால் ஒன்று சொல்லுவோம். சௌபாத்திக் கடற்கரையில் நிறுத்திக் கேட்டால் மற்றொன்று சொல்லுவோம். எது சரி என்பதைத் தீர்மானிப்பது குறிப்பில் இல்லை. முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த உறைக்குள் இருக்கிறது.

கணக்கறிந்தோர் இதன் விளைவை எளிதில் காண்பர். இத்தகைய ஐயக் குறிப்புகள் பத்து இருப்பின், அவற்றை நிரப்பத்தக்க வழிகள் 1,024. ஒவ்வொரு வழிக்கும் ஒரு படிவம், படிவத்திற்கு நாலணா என்று வைத்துக்கொண்டாலும், எல்லா வழிகளையும் அடைப்பதற்கு 256 ரூபாய் ஆகும். அக்காலத்தில் எளிய தொழிலாளி ஒருவனுக்கு அது பல மாதச் சம்பளம். அவன் ஐந்து படிவமோ பத்துப் படிவமோ வாங்கி, மீதியை அதிர்ஷ்டத்திற்கு விட்டுவிடுவான். மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் செல்ல வேண்டிய பணத்தில் ஒரு பங்கு போட்டிக் கட்டணமாகச் சென்றதையும், அஞ்சல்காரர் வரும் நேரத்தில் வாசலில் காத்து நின்றதையும் நம் பேட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வருந்தத்தக்கது யாதெனில், தோற்றவன் தன் அறிவு போதவில்லை என்று எண்ணி அடுத்த வாரமும் பணம் கட்டினான். அவன் அறிவுக்கு அங்கு வேலையே இருந்ததில்லை.

இனி வழக்கைக் காண்போம். ஆர். எம். டி. சமர்பாக்வாலா என்பவரும் அவரைச் சார்ந்த நிறுவனமும் பெங்களூரிலிருந்து வெளிவந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் வார இதழின் வாயிலாகக் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி நடத்தினர். இதழ் அச்சானது மைசூர் இராச்சியத்தில். அது பெருவாரியாகப் பரவியது பம்பாய் இராச்சியத்தில். 1948-இல் பம்பாய் அரசு பரிசுச் சீட்டுகளையும் பரிசுப் போட்டிகளையும் கட்டுப்படுத்தி வரி விதிக்க ஒரு சட்டம் இயற்றியிருந்தது. வெளியே அச்சாகி உள்ளே வரும் பத்திரிகைகளின் போட்டிகளும் அகப்படும்படி 1952-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இது எங்கள் வாணிக உரிமையைப் பறிப்பது, வேறு இராச்சியத்தில் நடக்கும் தொழிலில் தலையிடுவது என்று போட்டி நடத்தியோர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினர். அங்கு வெற்றியும் பெற்றனர். அரசு மேல்முறையீடு செய்தது.

1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் எழுதிய அத்தீர்ப்பு, இப்போட்டிகள் சூதாட்டத்தின் தன்மையன என்றும், சூதாட்டத்தை அரசியல் சட்டம் பாதுகாக்கும் வாணிகமாகக் கொள்ளுதல் இயலாது என்றும் முடிவு கூறி, பம்பாய் அரசின் பக்கம் நின்றது. போட்டி என்பது சூது எனப்படாதிருக்க வேண்டுமாயின், வெற்றி கணிசமான அளவு திறமையைப் பொறுத்ததாக இருத்தல் வேண்டும் என்ற அளவுகோல் அங்கு வற்புறுத்தப்பட்டது. இங்கிலாந்திலும் 1936-இல் இத்தகைய வழக்கு ஒன்றில், காசு கொடுத்து, மறைந்திருக்கும் இலக்கை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதற்கு இப்போட்டியை ஒப்பிட்டிருந்தார் அந்நாட்டுத் தலைமை நீதிபதி.

அதே நாளில் உடன் தீர்ப்பான மற்றொரு வழக்கை நாம் தனியே நினைவுகூரல் தகும். நாடு முழுமைக்குமான பரிசுப் போட்டிச் சட்டம் 1955-இல் நிறைவேறி, 1956 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு மாதத்தில் பரிசு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது, ஒரு போட்டிக்குப் படிவங்கள் 2,000-க்கு மேற்படலாகாது என்பன அதன் கட்டுப்பாடுகள். அச்சட்டத்தையும் அதே நிறுவனத்தார் எதிர்த்தனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் ஆழ்ந்த புலமையால் 1944-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற நம் தமிழர் அவர். சட்டம் செல்லும் என்று கூறிய அவர், அது வாய்ப்பை நம்பிய போட்டிகளையே கட்டுப்படுத்தும், திறமையால் வெல்லும் போட்டிகளைத் தொடாது என்று பிரித்துக் காட்டினார். ஒரே கட்டம், ஒரே கறுப்பு வெள்ளை. அதற்குள் சூதையும் கலையையும் பிரித்து வைத்த அத்தீர்ப்பைக் குறுக்கெழுத்து அன்பர்கள் மறத்தற்கில்லை.

பரிசு வாணிகம் குன்றியபின் பத்திரிகைகளில் மறைகுறிப்பு நிலைத்தது. செங்கற்பட்டில் பிறந்து, 1958-இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்ற அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, ஓய்வுபெற்ற பின்னர்ச் சென்னை ‘ஹிந்து’ நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்தார். அமெரிக்கத் தமிழரின் ‘தென்றல்’ மாத இதழ், தமிழிலேயே மறைகுறிப்புப் புதிர்களை வெளியிட்டது. தமிழில் இதனைச் செய்வது எளிதன்று. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு எதிரே நம்மிடம் 247 உண்டு. ஆகவே குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் கட்டத்தில் இரு சொல்லுக்கும் பொதுவான எழுத்து அமைவது அரிது. எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் குறிப்புகளும் குறைவாகவே வாய்க்கின்றன. ஆயின் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு செல்வம் நமக்குப் புணர்ச்சியில் இருக்கிறது. ‘உலோகத்தோடு ஊர் புணர, உகரம் ஓடிய பேட்டை (4).’ செம்பு என்பதன் இறுதிக் குற்றியலுகரம் உயிர் வரும்போது நீங்கும் என்று பள்ளியில் படித்தோம். செம்பும் ஊரும் புணர்ந்தால் செம்பூர். (அவ்வூர்ப் பெயரின் உண்மை வரலாறு வேறு, புதிருக்கு அது வேண்டா.) பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் எழுதி, வீட்டில் தமிழ் பேச மட்டும் செய்யும் நம் காலனிப் பிள்ளைகளுக்குப் புணர்ச்சி விதியை இதனினும் இனிய வழியில் கற்பிக்க நம்மால் இயலவில்லை. லகர ளகர ழகர வேறுபாடு தெரியாமல் ஒரு கட்டத்தையும் நிரப்ப முடியாது என்பதை அவர்களே கண்டுகொள்கிறார்கள்.

ஆகவே சங்கத்து நண்பர்களுக்கு நமது விண்ணப்பம் இது. மலரில் குறுக்கெழுத்து இடம்பெறட்டும். படிவக் கட்டணம் வேண்டா. அச்சுச் செலவுக்கு நாம் கடைத்தெருவில் விளம்பரம் திரட்டித் தருகிறோம். அவ்வேலையில் நமக்குப் பழக்கம் உண்டு. பரிசாக ஒரு நூல் தந்தால் போதும். ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு வரி விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று அறிவிப்போம். விடை மட்டும் எழுதி வரும் தாள், எல்லாக் கட்டமும் சரியாயிருப்பினும், ஏற்கப்படாது. ஐந்து விடையே கண்டு, ஐந்துக்கும் காரணம் எழுதும் பிள்ளைக்கே நூலைக் கொடுப்போம். போட்டிக்கு முதற் குறிப்பாக இதனைத் தருகிறோம்:

‘திருமாலடியார் வண்டி மாறும் இடம் (3).’